தூர்ந்த கிணற்றில் ஒரு பங்கு: நூலக வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நூலகர் அம்மா அவர்களுக்கும், வாசகர் வட்டத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நம் நூலக மாடியில் நடந்த இலவசத் தத்துவப் பேச்சைக் கேட்க வந்தவர்களில் நானும் ஒருவன். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். இனி இந்த மாதிரிப் பேச்சு வேண்டாம், பத்தொன்பது பேர்தான் வந்தார்கள், வந்தவர்களுக்கும் ஒன்றும் எட்டவில்லை, அந்த நேரத்தைப் போட்டித் தேர்வு வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்ததாக வியாழக்கிழமை டீக்கடையில் கேள்விப்பட்டேன். அதிலிருந்து மனசு சரியில்லை. முடிவு எடுக்கும் முன் என் தரப்பையும் கேட்டுவிடுங்கள்.

நான் போட்டித் தேர்வு வகுப்புக்கு எதிரி இல்லை. என் மூத்த மகள் அந்த மாடியில் உட்கார்ந்து படித்துத்தான் குரூப் 4 எழுதினாள், இன்று வேலையில் இருக்கிறாள். அதற்கு இந்த நூலகத்துக்கு நான் என்றும் கடன்பட்டவன். மாதத்தில் மற்ற சனிக்கிழமைகள் எல்லாம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும். ஒரே ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம். அதைத்தான் கேட்கிறேன்.

என் தொழில் பத்திரம் எழுதுவது. சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியில் தத்துவம் படித்தவன் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு ‘மீவியற்பியல் சாத்தியமா?’ என்ற பேச்சில், அதாவது எது உண்மையில் இருக்கிறது என்று ஆராயும் மெய்ப்பொருள் துறையைப் பற்றிய பேச்சில், என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் காடு விற்க வந்தார். மூலப் பத்திரத்தில் நான்கெல்லை, சர்வே நம்பர், மாமூல் தடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூடவே ‘கிணற்றில் 4ல் 1 பங்கும், இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்’ என்று ஒரு வரி. பழைய பத்திரத்தில் உள்ளதைப் புதிய பத்திரத்துக்குக் கொண்டுவருவது வழக்கம்தான். எழுதிக்கொண்டே போனேன். வாங்க வந்தவர் கையை நீட்டி நிறுத்தினார். “ஏனுங்க, கிணறுதான் இல்லையே. வீடு இடிச்ச மண்ணைக் கொட்டி மூடி, மேல கொட்டாயே போட்டாச்சு. இல்லாத கிணத்துல எனக்கென்னங்க பங்கு?” பெரியவர் சத்தம் போடவில்லை. “கிணறு தூர்ந்திருக்குதுங்க. இல்லாமப் போயிடல” என்றார்.

என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

தூர்ந்திருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றா, வேறா? கிணறு என்பது எது? சுற்றி இருக்கும் கல் கட்டா, உள்ளே நிற்கும் தண்ணீரா? தண்ணீர் வற்றினாலும் அது கிணறுதான், வறண்ட கிணறு என்கிறோம். கல் சரிந்தாலும் கிணறுதான். அப்படியானால் நடுவில் இருந்த அந்தக் குழிதானே கிணறு? குழி என்பதோ மண் இல்லாத இடம். இல்லாமையை மண் போட்டு இல்லாமல் செய்துவிட்டார்கள் என்றா எழுதுவது? நாளைக்கு அதே இடத்தில் அதே அளவுக்குத் தோண்டினால் வருவது பழைய கிணறா, புதுசா? புதுசு என்றால் நாலில் ஒரு பங்கு அதில் தொடருமா? கடைசியில் ‘தற்போது தூர்ந்த நிலையில் உள்ள கிணற்றில் 4ல் 1 பங்கு’ என்று எழுதினேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வேலை முடிந்தது. கேள்வி முடியவில்லை. எனக்கு வந்த இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கென்று ஒரு துறையே உண்டு என்பது உங்கள் மாடியில் அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இதைத்தான் ‘மக்களுக்கு எட்டாது’ என்று சொல்கிறீர்கள்.

அன்று பேசியவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டை மையமாக வைத்தே பேசினார். 1748ல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள் என்றாராம். எண், அளவு பற்றிய கணக்கு ஏதாவது இதில் உண்டா? அனுபவத்தில் சோதித்த செய்தி ஏதாவது உண்டா? இரண்டும் இல்லையென்றால் தூக்கி நெருப்பில் போடு. அந்த ஹியூம்தான் தன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவர் என்று காண்ட் பின்னால் எழுதினார். 1781ல் தன் பெரிய நூலை வெளியிட்டார். அது கடினம் என்று பலரும் சொன்னதால் 1783ல் சின்னதாக இன்னொரு நூல். உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, ஆன்மா உண்டா என்று நேராக இறங்கும் முன், இவற்றை அறியும் தகுதி நம் அறிவுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். காற்று தடுக்கிறதே, காற்றே இல்லாவிட்டால் இன்னும் வேகமாகப் பறக்கலாமே என்று நினைக்கும் புறாவை உவமையாகக் காட்டுகிறார். அனுபவம்தான் அந்தக் காற்று. அதை விட்டுப் பறந்தால் சிறகு அடித்தும் நகர முடியாது.

அந்தச் சின்ன நூலில் ஒரு இடத்தைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அனுபவத்தைத் தொடாமல், வெறும் சொல்விளக்கமாகவும் நின்றுவிடாமல், உலகத்தைப் பற்றி உண்மையான அறிவு எப்படிக் கிடைக்கும்? இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் சொல்லும் வரை மெய்ப்பொருள் பேசும் அறிஞர்கள் அத்தனை பேரும் தொழிலிலிருந்து முறைப்படி இடைநீக்கம் என்று அறிவிக்கிறார் காண்ட். உரிமம் வைத்துத் தொழில் செய்கிறவனுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும். இத்தனை கண்டிப்பானவரே அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: கெட்ட காற்றை உள்ளே இழுக்க வேண்டாம் என்பதற்காக மூச்சையே நிறுத்திவிடுகிறவர் யாரும் இல்லை, அப்படித்தான் மனிதர்கள் இந்தக் கேள்விகளையும் ஒருநாளும் விடப்போவதில்லை. நிறுத்தச் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்யச் சொன்னார்.

அப்புறம் கார்னப். இந்தப் பகுதியைப் பேச்சாளர் கொஞ்சம் அவசரமாகக் கடந்தார், நேரம் நெருக்கியது. வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவைச் சேர்ந்த ருடால்ப் கார்னப் 1932ல் எழுதிய கட்டுரையில், மெய்ப்பொருள் பேசும் வாக்கியங்கள் பொய் கூட இல்லை, அர்த்தமே இல்லாதவை என்கிறார். அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டது ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கர் 1929ல் ஆற்றிய பேருரை. அதில் ‘இன்மை’யை ஒரு பொருள் போல வைத்து, அது ஒரு செயலைச் செய்வதாகப் பேசியிருக்கிறார் ஹைடெக்கர். கார்னப் சொல்வதை என் கிணற்றில் இறக்கிப் பார்த்தேன். ‘கிணற்றில் ஒன்றும் இல்லை’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்ற பெயரில் ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பதாக அர்த்தமில்லை. இலக்கணம் நம்மை ஏமாற்றுகிறது. சரிதானே! அந்த வாக்கியத்தைப் பொறுத்தவரை கார்னப் பக்கம்தான் நான்.

ஆனால் அதோடு கதை முடிந்ததா? சோதித்துப் பார்க்க முடிந்ததற்கே அர்த்தம் உண்டு என்ற வியன்னா வட்டத்தாரின் விதியை எதை வைத்துச் சோதிப்பது என்று அவர்கள் காலத்திலேயே கேட்டார்கள். 1970ல் டேவிட் லூயிஸ், ஸ்டெபனி லூயிஸ் என்ற தம்பதி ‘ஓட்டைகள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார்கள். முழுக்க இரண்டு பேர் வாதாடும் உரையாடல். ஓட்டை என்று ஒரு பொருள் உண்டா, அல்லது அதைச் சுற்றியிருக்கும் பாலாடைக்கட்டி மட்டும்தான் உண்டா என்பதுதான் சண்டை. என் மேசைக்கு முன்னால் நடந்த அதே சண்டை! பேச்சு முடிந்த மறுவாரம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வைசேடிகர் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவினர் உலகத்துப் பொருள்களை வகைப்படுத்தும்போது ‘அபாவம்’, அதாவது இல்லாமை, என்பதையும் ஒரு வகையாகக் கணக்கில் வைக்கிறார்கள். அதிலும் நாலு தினுசு: தோன்றுவதற்கு முன் இல்லாமை, அழிந்த பின் இல்லாமை, என்றைக்கும் இல்லாமை, ஒன்று இன்னொன்றாக இல்லாமை. இதைச் சொல்லும் தருக்க சங்கிரகம் என்ற வடமொழி நூலைத் தமிழில் தந்தவர் சிவஞான முனிவர். அவர் காண்ட் வாழ்ந்த காலத்திலேயே வாழ்ந்தவர். தூர்ந்த கிணற்றை எந்த இல்லாமையில் சேர்ப்பது என்று இன்னும் நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பத்தொன்பது பேர் என்ற கணக்குக்கு வருகிறேன்.

நான் உயிலும் எழுதுகிறவன். வீடு மூத்தவனுக்கு, நகை பெண்ணுக்கு, கோயிலுக்கு இவ்வளவு என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அன்று பேச்சாளர் சொல்லக் கேட்ட ஒரு உயில் என் மனசில் அப்படியே நிற்கிறது. ஸ்காட்லாந்தில் ஆடம் கிஃபோர்டு என்று ஒரு நீதிபதி. 1887ல் இறந்தார். எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மொத்தம் 80,000 பவுண்டு எழுதி வைத்தார். எதற்கு? எல்லாவற்றுக்கும் மூலமானது எது, அதை அறிவால் அறிய முடியுமா என்பதைப் பற்றிப் பேச்சு நடத்த. மாணவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், ஊர்மக்கள் அனைவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பேசுகிறவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம், நம்பிக்கையில்லாதவர் என்று ஊர் சொல்கிறவராகவும் இருக்கலாம், உண்மையைத் தேடுகிறவராக இருந்தால் போதும் என்றும் எழுதினார். வானவியல், வேதியியல் போல, வேத வாக்கைத் துணைக்கு அழைக்காமல் பேச வேண்டும் என்பது நிபந்தனை. 1888ல் தொடங்கிய அந்தப் பேச்சுகள் இன்றும் நடக்கின்றன. உயில் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு சொத்து விவரத்தை எழுதும் பாக்கியம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

அந்த வரிசையில் 1927-28ல் எடின்பரோவில் பேசியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட். முதல் நாள் பெருங்கூட்டமாம். பேச்சு அத்தனை கடினம், நாளுக்கு நாள் கூட்டம் கரைந்து, கடைசியில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு ஆட்கள்தான் மிஞ்சினார்கள் என்கிறார்கள். அந்தப் பேச்சு 1929ல் புத்தகமாக வந்தது. போன நூற்றாண்டில் இந்தத் துறையில் வந்த பெரிய நூல்களில் ஒன்று என்று இன்றும் அதைப் படிக்கிறார்கள். அங்கேயும் ஒரு செயற்குழு தலையை எண்ணி அடுத்த வருஷம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால்?

நம் பக்கத்துக்கு வாருங்கள். மணிமேகலையின் முதல் காதையில் புகாரில் இந்திர விழாவுக்குப் பறையறைகிறார்கள். தெருவை அலங்கரியுங்கள், வீதியிலும் மன்றத்திலும் புது மணல் பரப்புங்கள் என்ற அறிவிப்புகளோடு, தத்தம் சமயத்துப் பொருளை வாதிடுகிறவர்கள் பட்டிமண்டபத்தில் ஏறுங்கள் என்றும் ஒரு அறிவிப்பு. பகைவரோடு கூட ஆத்திரமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள் என்று அதையடுத்து ஒரு வேண்டுகோள். திருவிழாவில் அது ஒரு பகுதி! மணல் பரப்புவது போல அதுவும் ஊர்க் காரியம்.

அதே நூலில் வஞ்சி நகரில் பத்து வாதிகளிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. காட்சி, கருதல், உவமம் என்று அறிவதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறான். எது உண்டு, எது இல்லை என்ற பேச்சுக்கு முன்னால் எதைக் கொண்டு அளப்பது என்ற பேச்சு. காண்ட் கேட்டது வேறு காலத்தில் வேறு வகையில்தான், ஆனால் அந்த அக்கறை இங்கேயும் இருந்தது. கடைசியில் வருகிறவன் பூதவாதி. கண்ணால் கண்டது மட்டும்தான் உண்மை என்கிறான். உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவள் தன் உருவத்தில் போகவில்லை. இளம்பெண் என்றால் யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள், வேற்றுருக் கொண்டு போ என்று மணிமேகலா தெய்வமே சொல்லியிருந்தது. மாதவன், அதாவது ஆண் துறவி, வேடத்தில்தான் போனாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நம் மாடியில் ஒரு பெண் வேற்றுரு எதுவும் எடுக்காமல் எழுந்து நின்றாள். நீலச் சுடிதார், தோளில் பை, பதினெட்டு பத்தொன்பது வயசு இருக்கும். அறிவிப்பில் ‘இயற்பியல்’ என்ற எழுத்தைப் பார்த்து பௌதிக வகுப்பு என்று நினைத்து வந்துவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். இருந்தும் எழுந்து போகவில்லை, கடைசி வரை குறிப்பெடுத்தாள். இடமும் காலமும் வெளியே கிடக்கும் பொருள்கள் அல்ல, நாம் உலகைக் காணும் முறையாக நமக்குள்ளேயே இருப்பவை என்று காண்ட் சொல்வதைப் பேச்சாளர் விளக்கி முடித்ததும் அவள் கேட்டாள்: “ஐயா, என் அம்மாச்சிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வீட்டுக்குள்ளே எங்கேயும் இடிக்காம நடப்பாங்க. அடுப்பு எத்தனை அடியில இருக்குன்னு சரியாச் சொல்வாங்க. அவங்களுக்கு இருக்கிற இடமும் எனக்கு இருக்கிற இடமும் ஒண்ணுதானா?”

மாடி நிசப்தமாகிவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சாளர் முகம் மலர்ந்து, மேசையைச் சுற்றி முன்னால் வந்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் ஒலிபெருக்கியை வாங்கி, நேரமாகிவிட்டது, பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை மூன்று, நன்றியுரை என்று முக்கால் மணி நேரம் ஓடியது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனதை நான் பார்த்தேன். பதில் வரவில்லை.

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. 1688ல் டப்ளின் நகரத்து வில்லியம் மாலினோ என்பவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஏறக்குறைய இதையே எழுதிக் கேட்டார். பிறவியில் பார்வையற்ற ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே பழகியவர். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே இது எது, அது எது என்று சொல்வாரா? மாலினோவின் மனைவி பார்வை இழந்தவர். லாக் அந்தக் கேள்வியைத் தன் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். முந்நூறு வருஷம் தாண்டியும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பார்வையில்லாத ஒருவர் இருந்தார், அதனால் கேள்வி பிறந்தது. டப்ளினிலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான். மெய்ப்பொருள் ஆராய்ச்சி சாத்தியமா என்று அன்று இரண்டு மணி நேரம் பேசினோமே, அந்தப் பிள்ளை நம் கண்முன்னே அதைச் செய்துகொண்டிருந்தாள். நாம்தான் நிறுத்திவிட்டோம்.

யார் மேலும் பழி போட எழுதவில்லை. பொன்னாடை போர்த்துவது மரியாதை, நம் வழக்கம். பேச்சு தொடங்கும் முன்பே ஐந்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டால் மரியாதை குறைந்துவிடாது. மீதி நேரத்தில் பாதியைக் கேள்விக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். கேள்வி நேரம்தான் பேச்சின் உயிர். தலைப்பும் கொஞ்சம் பழகின தமிழில் இருக்கலாம். மீவியற்பியல் என்கிறோம், இலங்கைத் தமிழர் பௌதிகவதீதம் என்கிறார்கள், இரண்டுமே தெருவில் போகிறவரை உள்ளே அழைக்காது. ‘எது உண்மையில் இருக்கிறது? அதை நம்மால் அறிய முடியுமா?’ என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை முடியும் என்கிறவர் ஒருவர், முடியாது என்கிறவர் ஒருவர், இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வையுங்கள். கிஃபோர்டு தன் உயிலில் எழுதியது போல, கடவுள் நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்று பார்க்காமல் அழையுங்கள். கட்டணம் மட்டும் என்றைக்கும் வேண்டாம். பத்து ரூபாய் என்று வைத்தாலும் அந்தப் பெண் அன்று படியேறி இருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவுதான் தடை என்றால் சொல்லுங்கள். பேச்சாளரின் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வருகிறவர்களுக்கு டீ, இதை இந்த வருஷம் முழுக்க என் கடையிலிருந்து தருகிறேன். வேண்டுமென்றால் முத்திரைத் தாளில் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

அம்மா, அன்று வந்தவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, உன் கேள்விக்குப் பதில் சொல்லப் பேச்சாளர் மறுபடி வருகிறார், முடிந்தால் அம்மாச்சியையும் அழைத்து வா என்று சொல்வீர்களா? மாடிப்படி ஏற முடியாவிட்டால் கீழே பத்திரிகைப் பிரிவிலேயே நடத்திவிடலாம், பெஞ்சுகளை நகர்த்திப்போட நான் வந்துவிடுகிறேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை முகூர்த்த நாள் இல்லை, பார்த்துவிட்டேன். கடையை நாலரைக்கே சாத்திவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் நாள்பட்ட வாசகன்,
ஆவண எழுத்தர் ஒருவர்